கைகோத்தவர்களும் விலை கொடுத்தவர்களும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதல் முறையாக வாக்களிக்கவிருக்கும் தமிழர்களுக்கு,



தேர்தல் நெருங்க நெருங்க உங்கள் தபால்பெட்டியில் வழவழப்பான அட்டைகள் வந்து விழும். ஒரு படத்தில் வேட்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிற்பார். இன்னொன்றில் ஒரு செவிலியர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார். கீழே மூன்று வாக்குறுதிகள் இருக்கும்: வீட்டு வாடகையைக் கட்டுக்குள் கொண்டுவருவார், மருத்துவச் செலவைக் குறைப்பார், எதிர்க்கட்சியோடும் சேர்ந்து வேலை செய்வார். முதல் இரண்டையும் ஓரளவு சோதித்துப் பார்க்க முடியும். மூன்றாவது மட்டும் பிடிகொடுக்காது. வெளிநடப்பும் வெளியேற்றமும் நிறைந்த சட்டமன்றச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும்.

இனிக்கட்டும். ஆனால் யாரோடு கைகோத்தார், எந்த வரியைச் சேர்க்க எந்த வரியை விட்டுக்கொடுத்தார், அந்த விட்டுக்கொடுப்பின் விலையை யார் கட்டினார்கள் என்று கேட்காமல் அந்த மூன்றாவது வாக்குறுதியை நம்பிவிடாதீர்கள். இப்படிக் கேட்டுப் பழக எட்வர்ட் புரூக்கை விட நல்ல பாடம் கிடைப்பது கடினம். மூன்று வாக்குறுதிகளையும் செயலில் காட்டிய செனட்டர் அவர். அவற்றின் வரவும் செலவும் ஆவணங்களில் அப்படியே கிடக்கின்றன.

புரூக் 1919-இல் வாஷிங்டனில் பிறந்தவர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். இரண்டாம் உலகப்போரில் கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட 366-ஆவது காலாட்படைப் பிரிவோடு இத்தாலியில் போரிட்டார். திரும்பி வந்து பாஸ்டனில் சட்டம் படித்தார். குடியரசுக் கட்சிக்காரர். மாசசூசெட்ஸில் தேர்தலில் நின்று தோற்று, மறுபடி நின்று தோற்று, ஒருவழியாக 1962-இல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக வென்றார். 1966-இல் முன்னாள் ஆளுநர் ஒருவரைத் தோற்கடித்து செனட்டுக்குள் நுழைந்தார். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின செனட்டர் அவர்தான். அவரைத் தேர்ந்தெடுத்த மாநிலத்திலோ கறுப்பின மக்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள்.

அவர் செனட்டுக்கு வந்த வேளையில் வீட்டுரிமை மசோதா செத்துப்போயிருந்தது. நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டத்தை 1966-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கொண்டுவந்தார், பிரதிநிதிகள் அவையைத் தாண்டியது, செனட்டில் மூச்சடங்கியது. அதை மூச்சடக்கியவர்களுள் முக்கியமானவர் செனட்டில் புரூக்கின் கட்சிக்குத் தலைவராக இருந்தவரே: இல்லினாய்ஸ் செனட்டர் எவரெட் டர்க்சன். தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் ஏற்கெனவே எதிர்த்தார்கள். இவரும் சேர்ந்துகொண்ட பிறகு ஃபிலிபஸ்டரை உடைக்க ஆள் இல்லை. முடிவே இல்லாமல் பேசிப் பேசியே ஒரு மசோதாவைக் கொல்லும் கலைக்குத்தான் ஃபிலிபஸ்டர் என்று பெயர். அதை நிறுத்த அன்றைய விதிப்படி அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும்.

1968 பிப்ரவரியில் புரூக்கும் மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் வால்டர் மாண்டேலும் சேர்ந்து அதே வீட்டுரிமையை வேறொரு மசோதாவுக்கான திருத்தமாகக் கொண்டுவந்தார்கள். இருவருமே செனட்டில் இளையவர்கள். வெற்றி கிடைக்கும் என்று அவர்களின் நண்பர்கள்கூட நம்பவில்லை. போரிலிருந்து பதக்கத்தோடு திரும்பிய பிறகும் தான் விரும்பிய இடத்தில் வீடு கிடைக்காமல் அலைந்ததைப் புரூக் அவையிலேயே சொன்னார். சேரிகளைப் பற்றிய அறிக்கைகளைப் பல உறுப்பினர்கள் படித்திருப்பார்கள். அருகே அமர்ந்திருக்கும் சக செனட்டருக்கே வீடு மறுக்கப்பட்டது என்பது வேறு விஷயம்.

விவாதத்தை முடிக்கும் முதல் வாக்கெடுப்பு பிப்ரவரி 20-இல் நடந்தது: 55-37. போதாது. இரண்டாவது 56-36, மார்ச் 1-இல் மூன்றாவது 59-35. அதுவும் போதாது. இடையில் 1967 கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. புரூக் அந்த ஆணையத்தின் உறுப்பினர். குடியிருப்புகள் நிறவாரியாகப் பிரிந்து கிடப்பதை அந்த அறிக்கை ஒளிவுமறைவின்றிச் சொன்னது. மார்ச் 4-இல் நான்காவது வாக்கெடுப்பு: 65-32. தொண்ணூற்றேழு பேர் வாக்களித்த அவையில் ஒரே ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் மசோதா மறுபடி விழுந்திருக்கும்.

59 எப்படி 65 ஆயிற்று? டர்க்சன் மனம் மாறினார். சும்மா மாறவில்லை. குற்றம் செய்த வீட்டுக்காரர்மீது நடவடிக்கை எடுக்க வீட்டுவசதித் துறைக்கு மாண்டேலும் புரூக்கும் எழுதியிருந்த அதிகாரத்தை அவர் உருவி எடுத்தார். இனி துறை இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசலாம், அவ்வளவுதான். ஒருவர் தரகர் இல்லாமல் தன் தனி வீட்டைத் தானே விற்றால் பெரும்பாலும் சட்டம் அவரைத் தொடாது. உரிமையாளர் தாமும் குடியிருக்கும் நான்கு வீடுகள்வரை கொண்ட சிறு கட்டடங்களுக்கும் விலக்கு. புரூக்கும் மாண்டேலும் ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், நகரங்கள் எரிந்தன, பிரதிநிதிகள் அவை செனட்டின் வாசகத்தை அப்படியே ஏற்றது, ஏப்ரல் 11-இல் ஜான்சன் கையெழுத்திட்டார்.

அந்த விட்டுக்கொடுப்பின் விலை என்ன? இருபது ஆண்டுகள். சட்டம் இருந்தது, பல் இல்லை. வீடு மறுக்கப்பட்டவர் பெரும்பாலும் தானே வக்கீல் வைத்து, தன் செலவில் வழக்குப் போட வேண்டும். 1988-இல்தான் வீட்டுவசதித் துறைக்கு உண்மையான விசாரணை அதிகாரம் வந்தது. அதுவும் இரு கட்சி முயற்சி, கையெழுத்திட்டவர் ரீகன். அந்த இருபது ஆண்டுகளும் மாண்டேலின் வீட்டையோ டர்க்சனின் வீட்டையோ தொடவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுக் கதவு சாத்தப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள்தான் அந்தத் தவணையைக் கட்டின. அப்படியானால் புரூக் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதா? ஒப்புக்கொண்டது சரி என்பதே இந்த மடலின் கருத்து. அந்த மார்ச்சைத் தவறவிட்டிருந்தால், நவம்பரில் வென்ற நிக்சனின் காலத்தில் 65 வாக்குகள் எங்கிருந்து கிடைத்திருக்கும்? ஆனால் சரியான பேரத்திலும் விலை உண்டு; அதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் அட்டையில் அச்சிடுகிறவரை நம்ப வேண்டியதில்லை.

இது கறுப்பின மக்களின் கதை மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1968 சட்டம் தடை செய்த காரணங்கள் நான்கு: இனம், நிறம், மதம், பூர்விக நாடு. எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ வீட்டு மேலாளர் ஒருவர் உங்கள் பெயரைப் பார்த்ததும் "காலி இல்லை" என்று சொன்னால், அவர் மீறுவது புரூக்கும் மாண்டேலும் மல்லுக்கட்டி வாங்கிய அந்த நான்காவது சொல்லை.

அந்தச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டே புரூக் இன்னொரு வேலையில் இறங்கினார். இன்றும் வீட்டுவசதித் துறைக்காரர்கள் அதைப் புரூக் திருத்தம் என்றே சொல்கிறார்கள். அரசுக் குடியிருப்புகளின் கணக்கு 1937-இலிருந்து ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது: கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தரும், பராமரிக்க வாடகையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் குடியேறியவர்கள் சம்பளம் வாங்கும் தொழிலாளர் குடும்பங்கள். கணக்கு ஓடியது. பிறகு அவர்களில் பலர் புறநகருக்குப் போனார்கள். வெள்ளையருக்கு அங்கே கடனும் கிடைத்தது, கதவும் திறந்தது. மிஞ்சியவர்கள் மிக ஏழைகள். கட்டடங்களுக்கு வயதாகிற்று, குழாய்களும் லிஃப்ட்டும் பழுதாயின, அறுபதுகளின் விலைவாசியும் சேர்ந்துகொண்டது. அவற்றை நடத்திய நகர வீட்டுவசதி வாரியங்களுக்கு வாடகையை ஏற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

செயின்ட் லூயிஸில் புரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு. பதினொரு மாடிக் கட்டடங்கள் முப்பத்து மூன்று. வரைந்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்தவர். அங்கே சில குடும்பங்களின் வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போனது. 1969 பிப்ரவரியில் அந்நகரின் அரசுக் குடியிருப்புக்காரர்கள் வாடகை தர மறுத்து வேலைநிறுத்தம் போல ஒன்றைத் தொடங்கினார்கள். ஒன்பது மாதம் ஓடியது. முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் செய்தி வாஷிங்டனை எட்டியபோது புரூக்கின் கையில் பதில் இருந்தது: அரசுக் குடியிருப்பில் இருப்பவரின் வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது. குடியரசுக் கட்சி செனட்டர் எழுதிய திருத்தம்; ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை இருந்த காங்கிரஸ் நிறைவேற்றியது; 1969 டிசம்பர் 24 அன்று நிக்சன் கையெழுத்திட்டார்.

இதைப் படித்தால் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

வாடகை குறைந்தால் பராமரிப்புக்கான பணம் எங்கிருந்து வரும்? குறையை மத்திய அரசு ஈடு செய்யலாம் என்று சட்டம் சொன்னது. செய்யலாம் என்பதற்கும் பணம் ஒதுக்குவதற்கும் நடுவே காங்கிரஸில் பல கமிட்டி அறைகள் உண்டு. ஒதுக்கீடு தாமதமாக வந்தது, போதாமலும் வந்தது. பல நகர வாரியங்கள் கடனில் மூழ்கின. உடைந்த ஜன்னல் உடைந்தபடியே நின்றது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வாடகைதான் குறைந்துவிட்டதே என்று சில மாநிலங்கள் அந்த ஏழைகளுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையிலிருந்து அந்த அளவைக் கழித்துக்கொண்டன. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடுங்கிய இந்தக் கூத்தை நிறுத்த 1971-இல் மறுபடி ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. வாடகை வருமானத்தோடு ஏறும் என்பதால், சம்பளம் கூடியவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். மிக ஏழைகள் மட்டும் குவிந்தார்கள். புரூயிட்-ஐகோவின் முதல் கட்டடத்தை 1972 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

புரூக் திருத்தம்தான் அரசுக் குடியிருப்புகளைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அவை அதற்கு முன்பே சரிந்துகொண்டிருந்தன. திருத்தம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெண்கள் வருமானத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு அதே உடைந்த லிஃப்ட்டில்தான் ஏறியிருப்பார்கள். புரூக்கின் திட்டத்தில் ஓட்டை அவர் எழுதிய வரியில் இல்லை, அதற்கு அடுத்து வரவேண்டிய பண ஒதுக்கீட்டில் இருந்தது. வாடகைக்கு உச்சவரம்பு வைக்க இரு கட்சியும் சேரும். அதற்கான பணத்தை ஆண்டுதோறும் எடுத்து வைக்க அதே இரு கட்சியும் சேர்வதில்லை. ரீகன் வந்த 1981-இல் அந்த 25 விழுக்காடு 30 ஆயிற்று. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போனால் பாரம் என்று இன்று பத்திரிகைகளும் அரசு அறிக்கைகளும் சொல்கின்றனவே, அந்த அளவுகோலின் வம்சாவளி இதுதான்.

மருத்துவத்தில் புரூக்கின் பதிவு வேறு மாதிரி. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்ற ஹைட் திருத்தம் 1976-இல் வந்தது. அடுத்த ஆண்டு அதன் வாசகத்தைப் பற்றி இரு அவைகளும் மல்லுக்கு நின்றன. செனட்டின் பக்கம் பேசியவர்கள் இருவர்: நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவர், வாஷிங்டன் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர் வாரன் மக்னசன், அதே துணைக்குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினர் புரூக். பணம் உள்ள பெண்ணுக்குக் கிடைக்கும் சிகிச்சை ஏழைப் பெண்ணுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த இலையுதிர் காலத்தில் மூன்று முறை அந்தத் துணைக்குழுவின் கீழ் வந்த துறைகளுக்கான ஒதுக்கீடே தடைப்பட்டது. டிசம்பரில் சமரசம் பிறந்தது: உயிராபத்து, வன்புணர்வு, முறையற்ற உறவு, இரண்டு மருத்துவர்கள் சான்றளிக்கும் கடுமையான, நீண்டகால உடல்நலக் கேடு ஆகியவற்றுக்கு விலக்கு. சில ஆண்டுகளில் அதுவும் சுருங்கிற்று. இந்தப் பிரச்சினையில் நீங்கள் எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: தன் கட்சியில் பெருகிவந்த கூட்டத்துக்கு எதிரே புரூக் மாதக்கணக்கில் நின்றார். நடுவில் நிற்பதும் இரு கட்சியோடு வேலை செய்வதும் ஒன்றல்ல. வாட்டர்கேட் ஊழல் நாட்களில், 1973 நவம்பரிலேயே, நிக்சன் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் குடியரசுக் கட்சி செனட்டரும் அவரே.

புரூக்குக்கு முந்திய தலைமுறையையும் ஒரு பார்வை பார்த்தால் கைகோப்பின் மறுபக்கம் தெரியும். ஊர் ஊராக மருத்துவமனை கட்டிய 1946-ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டம் இரு கட்சி ஒத்துழைப்புக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. லிஸ்டர் ஹில் அலபாமாவின் ஜனநாயகக் கட்சிக்காரர். ஹரால்ட் பர்ட்டன் ஒஹையோவின் குடியரசுக் கட்சிக்காரர். (சட்டம் நிறைவேறும் முன்பே பர்ட்டன் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் போய்விட்டார்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) 1975-க்குள் நாட்டின் மருத்துவமனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தப் பணத்தால் எழுந்தவை. தமிழ்நாட்டிலிருந்து வந்து சிறு ஊர்களில் வேலைக்குச் சேர்ந்த மருத்துவர்களில் சிலரேனும் அந்தச் சுவர்களுக்குள் நடந்திருப்பார்கள். ஆனால் ஹில்லைப் போன்ற தென்மாநிலத்தவர்களின் வாக்குகளைப் பெற, சட்டத்திலேயே ஒரு வரி எழுதப்பட்டது: நிற அடிப்படையில் தனித்தனி மருத்துவமனை கட்டலாம், தரம் சமமாக இருந்தால் போதும். சமமாக இல்லை. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் 1962-இல் மற்றவர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரியைச் செல்லாததாக்கியது. பதினேழு ஆண்டுகள், சட்டத்தின் அனுமதியோடு, பொதுப்பணத்தில், நிறவாரி வார்டுகள். அதை எழுதிய அறையில் இரு கட்சியும் இருந்தன. அந்த வார்டில் படுக்கப்போகிறவர் இல்லை.

புரூக் இருந்த அறைக்கும் அந்த அறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். 1968-இலும் விட்டுக்கொடுப்பு நடந்தது. ஆனால் எதை இழக்கிறோம் என்று தன் அனுபவத்தில் அறிந்த ஒருவர் மேசையில் இருந்தார்; உரிமையைக் கைவிடாமல் தாமதத்தையும் சில விலக்குகளையும் மட்டும் ஏற்றார்.

பேரங்கள் சில சமயம் பேரம் பேசியவரையே ஏமாற்றும். அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் செனட்டில் 76-18 என்ற வாக்கில், இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. வேலைத்திறனை விடக் குடும்ப உறவுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதில் அழுத்தியவர் பிரதிநிதிகள் அவையில் இருந்த ஒஹையோவின் மைக்கேல் ஃபைகன். ஏற்கெனவே இருப்பவர்களின் உறவினர்களே வந்தால் நாட்டின் ஐரோப்பிய முகம் மாறாது என்பது அந்த ஏற்பாட்டை ஆதரித்த பலரின் கணக்கு. ஐரோப்பியர்கள் அவ்வளவாக வரவில்லை. திருச்சியிலிருந்து ஒருவர் வந்தார், தம்பியை அழைத்தார், தம்பி மனைவியைக் கூட்டிவந்தார்.

புரூக் 1978-இல் தோற்றார். விவாகரத்து வழக்கில் ஒரு கடனைத் தவறாகக் குறிப்பிட்டதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வாக்காளர்கள் பால் சாங்கஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் 1992 வரை எந்தக் கறுப்பினத்தவரும் செனட்டுக்குத் தேர்வாகவில்லை. முதுமையில் புரூக்குக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆண்களுக்கும் அது வரும் என்று பலருக்குத் தெரியாது என்பதால், 2003-இல் அதை வெளிப்படையாகச் சொல்லிப் பரிசோதனையை வலியுறுத்தினார். 2015 ஜனவரியில், 95 வயதில் மறைந்தார்.

இனி உங்கள் வேலை. அட்டையில் இருப்பவர் ஏற்கெனவே காங்கிரஸ் உறுப்பினராக இருந்தால், காங்கிரஸின் இணையதளத்தில் அவர் பெயரைத் தட்டுங்கள். எந்த மசோதாவை முன்மொழிந்தார், எதற்கு இணை முன்மொழிவாளராகச் சேர்ந்தார் என்று வரும். சேர்ந்த தேதியும் பக்கத்திலேயே இருக்கும். முதல் நாளே பெயர் கொடுத்தவரும், மசோதா வெல்லும் என்று தெரிந்தபின் ஓடிவந்து ஏறிக்கொண்டவரும் அட்டையில் ஒன்றுபோலத் தெரிவார்கள். அந்தத் தேதியில் மாட்டிக்கொள்வார்கள். பிறகு திருத்தங்களின் மீதான வாக்குகளைப் பாருங்கள். வாடகை உதவிக்கு ஆதரவு என்று அச்சடித்தவர் அதற்கான ஒதுக்கீட்டைக் குறைத்த நாளில் எப்படி வாக்களித்தார் என்று தேடுங்கள். டவுன் ஹால் கூட்டத்தில் மைக் உங்கள் கைக்கு வந்தால், எதிர்க்கட்சியோடு சேர்ந்து நிறைவேற்றிய ஒரு மசோதாவின் பெயரைக் கேளுங்கள். அதிலிருந்து கடைசி நேரத்தில் எந்தப் பிரிவு நீக்கப்பட்டது, அதை மீட்க அதன்பின் என்ன செய்தார் என்றும் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாக்காளர் பதிவுக்கான கடைசித் தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.